கடப்பாரை நெட்டும் இரும்புப் பாதையும்

(குறுவள மையக் கூட்டத்தில், பாகாயத்தைச் சேர்ந்த அரசுப் பள்ளி அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் இந்த அரை மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாவது பாடவேளை எடுப்பவர்களுக்கு இந்த நேரத்தின் அருமை தெரியும். "பர்வதமலைக்குப் போய் வந்த கதையைச் சொல்லுங்கள் டீச்சர், யாரும் தூங்க மாட்டார்கள்" என்றார் எங்கள் தலைமையாசிரியர். கதையாகச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். போனேன், பயந்தேன், வந்தேன். அந்த நடுச் சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பாகாயத்தில் இருந்துகொண்டு மலை என்றால் பயம் என்று சொல்வது வேடிக்கைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சில்கூட மலைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் 44 வயது வரை நான் ஏறிய பெரிய உயரம் எங்கள் பள்ளியின் மொட்டை மாடி. அங்கேயும் ஓரத்துக்குப் போக மாட்டேன். நடுவில் நின்றுகொண்டு பிள்ளைகளை அதட்டுவேன்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எங்கள் பள்ளியிலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம். பாகாயத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறினால் அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் தாண்டிப் போளூர். அங்கே இறங்கி வேறு வண்டி பிடித்துத் தென்மாதிமங்கலம். அடிவாரத்தில் பச்சையம்மன் கோயில். மேலே, சுமார் 4,500 அடி உயரத்தில், மல்லிகார்ஜுனேசுவரரும் பிரமராம்பிகையும் இருக்கிறார்கள். பக்தியோடு போகிறவர்களுக்கு அது ஒரு பலம். எங்கள் குழுவில் இரண்டு பேருக்கு அது இருந்தது. ஒருவர் கிறித்தவர், மலை பார்க்க வந்தவர். நான் எந்தக் கணக்கில் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோரும் போகிறார்களே என்று வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிகள் முடிந்து, கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை முடிந்து, கடைசியில் அந்தப் பாறை வருகிறது. அங்கே உள்ள இடங்களுக்குப் பெயர்கள் உண்டு: கடப்பாரை நெட்டு, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி. பெயரைக் கேட்டே பாதிப் பேர் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். கடப்பாரை நெட்டு என்பது பெயருக்கு ஏற்ற இடம்தான். செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். அவற்றை இணைத்துச் சங்கிலி ஓடுகிறது. சங்கிலியைப் பிடித்து, கடப்பாரையிலும் பாறைக் குழியிலும் கால் வைத்து ஏற வேண்டும். அது வேண்டாம் என்பவர்களுக்கு இரும்புப் படிக்கட்டு வழியும் இருக்கிறது. மற்ற நால்வரும் சங்கிலிப் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

ஏழெட்டுக் கடப்பாரை ஏறியிருப்பேன். அங்கே நின்றுவிட்டேன். நின்றேன் என்பதைவிட, ஒட்டிக்கொண்டேன் என்பது சரி. இரண்டு கையும் சங்கிலியை இறுக்கியதில் விரல் மூட்டு வெளுத்துவிட்டது. வலது கால் தானாகவே ஆட ஆரம்பித்தது. மலையேறிகள் இதற்குத் தையல் மெஷின் கால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நம் பிள்ளைகளின் அம்மாக்கள் எத்தனை பேர் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க மெஷின் மிதிக்கிறார்கள். அந்தப் பெயரை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். விஷயம் எளிது. நுனிக்காலில் முழு எடையையும் வைத்து அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை களைத்துத் துடிக்கிறது. குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அறிவியல் ஆசிரியைக்கு அது அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் வீட்டில் ஊறப் போட்டுவிட்டு வந்த இட்லி அரிசி.

மேலேயிருந்து என் சக ஆசிரியர்கள் சொன்னார்கள்: "பயப்படாதீங்க டீச்சர், ஒண்ணுமில்ல." "கீழ பாக்காதீங்க டீச்சர்." "உங்களால முடியும் டீச்சர்." நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் 'ஒண்ணுமில்ல' என்பது உண்மை இல்லையே. கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. அது எனக்குத் தெரிகிறது. அது இல்லை என்று நாலு பேர் சொல்லும்போது, நான் பார்ப்பதை இவர்கள் பார்க்கவில்லை என்றுதான் தோன்றியது. தனிமை இன்னும் கூடியது.

எனக்குப் பின்னால் ஓர் அம்மா, தலையில் ஒரு சிறு மூட்டையோடு நின்றிருந்தார். மேலே கொண்டுபோய் விற்கிற சாமான் போலிருக்கிறது. வயது அறுபது இருக்கும். என்னை அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏம்மா, வலது காலத் தூக்காத, அப்டியே இரு. இடது கைய மட்டும் எடுத்து மேல இருக்கற கடப்பாரையப் புடி. ம். இப்ப வலது கால இந்தக் குழியில வை. முழுசா வை. ம். இப்ப எந்திரி."

அவ்வளவுதான். எழுந்தேன். அடுத்த கடப்பாரைக்கும் அதையே சொன்னார். மூன்றாவதுக்கு "ம்" மட்டும். நான்காவதுக்கு அதுவும் இல்லை.

அவர் எனக்குத் தைரியம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. முதலில் 'அப்படியே இரு' என்று சொன்னாரே, அது மிக முக்கியம். நான் நிற்கும் இடம் என்னைத் தாங்கும் என்று உறுதியான பிறகுதான் ஒரு கையை எடுக்கச் சொன்னார். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும் என்பது உலகம் முழுவதும் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும் முதல் விதி. எந்தப் பயிற்சி மையத்தில் அதை அவர் படித்தார்?

எண்ணும் எழுத்தும் வகுப்பு எடுப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். கரும்பலகை முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற பிள்ளையை உங்களுக்குத் தெரியும். கடன் வாங்கிக் கழித்தலில் நிற்கும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பள்ளம் தெரிகிறது. பின்னால் நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்தப் பள்ளம். 'உன்னால முடியும்டா' என்பது அங்கே கேட்காது. 'ஒன்றாம் இடத்துல என்ன எழுதியிருக்கு, படி' என்றால் கேட்கும்.

மேலே போய் வந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காற்று பலமாக இருந்தது, குரங்குகள் ஒரு பையைக் கொண்டுபோயின. இறங்கும்போது நான் படிக்கட்டு வழி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இறங்குவது ஏறுவதைவிடக் கடினம், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது.

இறங்கும் வழியில் எங்கள் தமிழாசிரியர் ஒரு விஷயம் சொன்னார். பத்தாம் வகுப்புத் தமிழில் நாம் நடத்தும் மலைபடுகடாம் இந்தப் பகுதியின் பாட்டு. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன். அதில் வரும் நவிரம் என்ற மலைதான் பர்வதமலை என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். நம் பாடப் புத்தகத்தில் இருப்பது விருந்தோம்பல் பகுதி. பாட்டின் மற்ற இடங்களில் வழிச் செய்தி நிறைய இருக்கிறதாம். ஓரிடத்தில், நீரோடும் பாறையில் பாசி படர்ந்து காலை வழுக்கச் செய்யும், அங்கே பக்கத்தில் வளர்ந்திருக்கும் மெல்லிய மூங்கிலையும் எருவைக் கோரையையும் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள் என்று கூத்தர்களுக்குச் சொல்கிறார் புலவர். "பாத்தீங்களா டீச்சர், அந்தம்மா சொன்னதத்தான் பெருங்கௌசிகனாரும் சொல்றாரு" என்றார். தமிழாசிரியர்கள் எதையும் சங்க இலக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. இந்த முறை செய்யவில்லை. பாசி இருக்கிறது, வழுக்கும் என்று முதலில் உண்மையைச் சொல்கிறது பாட்டு. அதற்கு அடுத்தே பிடியையும் காட்டுகிறது.

வீட்டுக்கு வந்து படங்களைக் குடும்பக் குழுவில் போட்டேன். ஜெர்மனியில் படிக்கும் என் அக்கா மகள் உடனே அழைத்தாள். "சித்தி, நீங்க வியா ஃபெராட்டாவா போனீங்க?" எனக்கு அந்தச் சொல்லே புதிது. இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை என்று பொருளாம். பாறைச் சுவரில் இரும்புக் கம்பி வடம், ஏணி, கால் வைக்க இரும்பு வளையங்கள் எல்லாம் பொருத்திவிடுவார்கள். மலையேற்றப் பயிற்சி இல்லாதவர்களும் அதைப் பிடித்து ஏறலாம். ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் 1843-லேயே ஃபிரீட்ரிக் சிமோனி என்ற ஆய்வாளர் இரும்புப் பிடிகள் பொருத்தச் செய்தார். முதல் உலகப் போரில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் டோலமைட் மலைகளில் மோதியபோது, 1915 முதல், படைவீரர்களும் சாமான்களும் மேலே போக இரு பக்கமும் ஏணியும் கயிறும் அடித்தார்கள். அந்தப் போர்ப் பாதைகள் சிலவற்றில்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறுகிறார்கள்.

ஆல்ப்ஸ்காரர்களுக்கு முன்பே இது நம் பக்கத்தில் உண்டு என்று சொல்ல எனக்கு ஆசை, சொல்லிவிடுகிறேன். இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு 1344-ல் போன இப்னு பதூதா அங்கே பாறையில் இரும்பு முளைகள் அடித்துச் சங்கிலிகள் தொங்கவிட்டிருந்ததை எழுதியிருக்கிறார். பத்துச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்தில் நின்று கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமா சொல்லிவிடுவாராம். அதனால் அந்தப் பெயர். பாதி உலகம் சுற்றியவர் காலத்திலேயே பயந்தவர்களின் பெயரால் ஒரு சங்கிலி இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

ஆனால் அக்கா மகள் அனுப்பிய காணொளியில் பர்வதமலையில் இல்லாத ஒன்றைப் பார்த்தேன். ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் பட்டை கட்டியிருக்கிறார். அதிலிருந்து ஆங்கில ஒய் எழுத்துப் போல இரண்டு கை பிரிகிறது. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. இரண்டு கொக்கியும் பாறையில் ஓடும் கம்பி வடத்தில் மாட்டியிருக்கும். சில மீட்டருக்கு ஒருமுறை வடம் பாறையோடு ஆணியில் பிணைந்திருக்கும். அந்த இடம் வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி ஆணிக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். பிறகுதான் அடுத்ததை. எந்த நொடியிலும் இரண்டும் வெளியே இருக்கக் கூடாது.

இனி ஐந்து நிமிடம் நான் வகுப்பெடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள். அதில் கணத்தாக்கு நடத்தும்போது, கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இங்கே பந்துக்குப் பதில் மனிதர். இரும்புப் பாதையில் ஒருவர் கால் தவறினால், கொக்கி வடத்தில் வழுக்கிக்கொண்டு கீழே உள்ள ஆணி வரை வரும். ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவர் ஐந்து மீட்டர் விழ ஒரு நொடிதான் ஆகும். அப்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர். அவரை நீளாத பட்டை ஒன்று 10 செண்டிமீட்டருக்குள் நிறுத்தினால், சராசரி விசை சுமார் 30,000 நியூட்டன். மூன்று டன் எடை. பட்டை அறும், அல்லது ஆள் உடைவார். அதையே ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சுமார் 3,500 நியூட்டன். அதற்காக அந்த ஒய் பட்டையின் அடியில் ஒரு சிறு பொட்டலம் இருக்கிறது. உள்ளே மடித்துத் தைத்த நாடா. விழும்போது அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து, நாடா நீண்டு, விழுந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். பிரிவதற்கென்றே போட்ட தையல்! தையல் பிரியக் கூடாது என்றே வேலை செய்யும் நம் ஊர் ஷூ கம்பெனிக்காரர்கள் கேட்டால் அதிசயப்படுவார்கள்.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஈ.என். 958 என்ற ஐரோப்பியத் தரநிலைப்படி இந்தக் கருவி 40 முதல் 120 கிலோ வரை எடை உள்ளவர்களுக்கானது. அதற்குக் குறைந்த எடை உள்ள பிள்ளை விழுந்தால் தையல் சரியாகப் பிரியாது. அதிர்ச்சி உடம்புக்குப் போகும். அவர்களைத் தனிக் கயிறு கட்டி மேலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 40 கிலோ தாண்டியவர் எத்தனை பேர்? கல்விச் சுற்றுலாவுக்குப் பர்வதமலை போகலாமா என்று சென்ற மாதம் ஒரு நண்பர் கேட்டார். அடிவாரம் வரை என்றால், அனுமதி வாங்கிக்கொண்டு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, தாராளமாக. கடப்பாரை நெட்டுக்கு வகுப்பை அழைத்துப் போவதை நான் ஒப்பமாட்டேன். அங்கே சங்கிலி பிடித்துக்கொள்ளத்தான் இருக்கிறது, நம்மைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. குடும்பத்தோடு போவது வேறு, அது அவர்கள் முடிவு.

இந்தக் கணக்கை ஜூலையில் பத்தாம் வகுப்பில் போட்டேன். காணொளியையும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் காட்டினேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. 30,000-ஐயும் 3,500-ஐயும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அதிகம் பேசாத பையன். அவனுடைய அம்மா ஷூ கம்பெனியில், அப்பா பெயிண்டர். "டீச்சர், சாரத்துல நிக்கறவங்களுக்கும் இது உண்டா?"

உண்டு என்றேன். கட்டட வேலைக்கு உடம்பு முழுவதும் கட்டும் பெல்ட் உண்டு, தோளிலும் தொடையிலும் சுற்றி வரும், அதிலும் இதே போன்ற நாடா இருக்கும் என்றேன். இடுப்பில் வெறும் கயிறு கட்டிக்கொள்வது அதற்கு ஈடாகாது, விழுந்தால் கயிறே இடுப்பை முறிக்கும் என்றும் சொன்னேன். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-லேயே ஒரு சட்டம் வந்தது, பாதுகாப்பு ஏற்பாடு செய்து தருவது வேலை கொடுப்பவர் கடமை என்றேன்.

"எங்கப்பா போட மாட்டாரு டீச்சர். அவருக்குப் பயமே இல்ல, பழகிடுச்சு" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் பலகையைப் பார்த்தான்.

அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டேன். பர்வதமலையில் பயந்தது நான். சங்கிலியை விடாமல் பிடித்ததும் அந்தப் பயத்தால்தான். இருபது வருடம் சாரத்தில் நின்றவருக்குப் பயம் போய்விடும். ஆனால் ஐந்து மீட்டர் அப்படியேதான் இருக்கும். 9.8-ம் அப்படியேதான் இருக்கும். வகுப்பில் இதை இப்படியே சொன்னேன். அப்பா பயப்பட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, கொக்கி மாட்டிக்கொண்டால் போதும் என்றேன்.

மணி அடித்த பிறகு அவன் வந்து, அந்தக் கணக்கைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எழுதினான். அப்பாவின் எடையைக் கேட்டேன், 72 என்றான். அவனே மறுபடி போட்டான். சுமார் 36,000 வந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். அப்பா முதலில் சிரித்தாராம். அம்மா சிரிக்கவில்லையாம். அந்தத் தாளை வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்துவிட்டாராம். பிறகு அப்பா மேஸ்திரியிடம் பெல்ட் கேட்டிருக்கிறார். "பாக்கலாம்" என்றாராம் மேஸ்திரி. அவரோடு வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரும் இப்போது கேட்கிறார்களாம். திங்கட்கிழமைதோறும் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பையனைப் பார்த்து "என்னப்பா, வந்துச்சா?" என்கிறேன். இந்தத் திங்கள் வரை "இன்னும் இல்ல டீச்சர்" என்றுதான் பதில். நாளை மறுநாள் மறுபடியும் திங்கள்.

உங்கள் வகுப்பிலும் சாரத்தில் ஏறும் அப்பாக்கள், டேனரியில் உயரத் தொட்டி ஏறும் மாமாக்கள் இருப்பார்கள். கணக்கு வேண்டுமென்றால் என்னிடம் தாள் இருக்கிறது, போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.